இருபதாம் கேள்வி

சீல் வைத்த கவரைக் கிழிக்கிற வரைக்கும் அந்த மத்தியானமும் மற்ற மத்தியானங்களைப் போலத்தான் இருந்தது. முன்வரிசையிலிருந்து இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, “சீல் உடையாம இருக்கான்னு பாத்துக்கோங்க, பாத்தாச்சுன்னா இதுல கையெழுத்துப் போடுங்க” என்று வழக்கமான வார்த்தைகளைச் சொல்லி, பிளேடால் ஓரத்தைக் கீறி, இருபத்தைந்து தாள் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டே வந்தவள் பதினேழாவது தாளில்தான் தலைப்பைப் பார்த்தாள். இயற்கணித வடிவியல், ஓர் அறிமுகம். பி.எஸ்சி. கணிதம், ஆறாம் பருவம். அதற்குக் கீழே முதல் கேள்வியைப் படித்ததும் உலகம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, இது தன்னுடைய தாள். பல்கலைக்கழகம் மூன்று பேரிடம் மூன்று தாள் வாங்கி, குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்கும். யாருடையது வரும் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. போன கார்த்திகையில், ‘நான் தயாரித்ததை என் குடும்பத்தாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சொல்லப்போனால் இந்த அறைக்கு அவள் வந்திருக்கவே கூடாது. அந்தந்தப் பாடத்து ஆசிரியரை அந்தந்தத் தேர்வு அறையில் போடக்கூடாதென்று விதி இருக்கிறது. ஆனால் வணிகவியல் ரோகிணிக்குத் தங்கை வீட்டில் காதுகுத்து, டூட்டியை மாற்றிக்கொண்டாள். கண்காணிப்பாளர் வன்னியப்பெருமாளும் பட்டியலை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கெஸ்ட் லெக்சரர்தானம்மா, எங்க போட்டா என்ன” என்று சொல்லிவிட்டார். அதுவும் சரிதான். பதினான்கு வருஷமாக அவளை எங்கே போட்டாலும் ஒன்றுதான்.

தாளைக் கொடுத்து முடித்து, பெல் அடித்து, தலைகள் குனிந்த பிறகு மிச்சம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வாசற்பக்கம் நின்று படித்தாள். ஆசைதான், வேறென்ன. தன் கேள்வியை அச்சில் பார்க்கிற ஆசை யாருக்குத்தான் இராது. பத்து சின்னக் கேள்வி, ஒன்பது நடுத்தரம், கடைசியில் எல்லாரும் கட்டாயம் எழுதவேண்டிய இருபதாம் கேள்வி, பத்து மதிப்பெண். ‘மெய்யெண் தளத்தில் y = x² என்ற பரவளையமும் y = x − 1 என்ற நேர்கோடும் இரண்டு புள்ளிகளில் சந்திக்கும் எனக் காட்டுக.’ படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். x வர்க்கத்தைக் கோட்டோடு சமப்படுத்தினால் x² − x + 1 = 0. தீர்வு உண்டா இல்லையா என்று சொல்கிற தன்மைகாட்டி ஒன்று கழித்தல் நான்கு, மைனஸ் மூன்று. மைனஸ் மூன்றுக்கு மெய்யெண்ணில் வர்க்கமூலம் கிடையாது. அப்படியென்றால் சந்திக்காது. இரண்டு புள்ளி என்ன, ஒரு புள்ளியில்கூடச் சந்திக்காது. பரவளையத்துக்கு முக்கால் அலகு கீழே, பைபாஸில் போகிற பஸ் ஊருக்குள் வராமல் போகிற மாதிரி, அந்தக் கோடு பாட்டுக்குப் போய்விடும். ‘சந்திக்கும் எனக் காட்டுக’ என்று அச்சடித்திருக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று உலகம்மாள் காத்திருந்தாள். அடித்துக்கொள்ளவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் அடுத்தவர் கன்னம் மாதிரி ஆகிவிடுமே, அப்படி இருந்தது உள்ளே. நாக்கால் தொட்டுப் பார்த்தாலும் இருக்கிறது, ஆனால் நம்முடையது இல்லை. தாளை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, தன் மேசையில் எழுதுகிற அட்டைக்கு அடியில் வைத்தாள். பக்கத்து மேசையில் அவளோடு டூட்டி பார்க்கிற இயற்பியல் ஞானதிரவியம் வருகைப் பட்டியலில் பதிவெண்களை நிரப்பிக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டொக்கென்றது. அவ்வளவுதான். உலகம் அப்படியே இருந்தது.

ஒரு கழித்தல் குறி. அதைப் போட்டது எங்கே என்றுகூட அவளுக்கு நினைவிருந்தது. அடுக்களையில், ஸ்லாப்பின் மேல் தாளை வைத்து, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கக் காத்திருந்தபோது. அதற்கு முந்தைய வருஷம் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து புகார் போயிருந்தது, நோட்ஸில் இருந்த கணக்கே அப்படியே வந்துவிட்டதென்று. நோட்ஸ் வேறு யாருடையது, அவளுடையதுதான். தமிழில் இந்தப் பாடத்துக்குச் சரியான புத்தகம் கைக்குக் கிடைக்காததால் ராத்திரி பகலாய் உட்கார்ந்து எண்பத்திரண்டு பக்கம் எழுதினாள். அதை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப, இன்றைக்கு நான்கு மாவட்டத்துப் பிள்ளைகளும் அதைத்தான் நெட்டுருப் போடுகிறார்கள். அந்த நோட்ஸில் கோடு y = x + 1. கூட்டல். கூட்டலுக்குத் தன்மைகாட்டி ஐந்து, ஜோராய் இரண்டு புள்ளி. கேள்வித்தாளுக்கு எண்ணையோ குறியையோ மாற்றவேண்டும், அதுதான் தொழில் வழக்கம், எல்லாரும் செய்வதுதான். கூட்டலைக் கழித்தலாக்கினாள். கழித்தலாக்கினால் மெய்யெண்ணைக் கலப்பெண் என்று மாற்றியிருக்கவேண்டும். மைனஸ் எண்ணுக்கும் வர்க்கமூலம் உண்டென்கிற கலப்பெண் தளத்தில் இதே கோடும் வளைவும் சமர்த்தாய் இரண்டு இடத்தில் சந்திக்கும். மாற்றவில்லை. மூன்றாவது விசில் வந்துவிட்டது. அடுப்பை அணைத்தாள், கவரை ஒட்டினாள். அடிப்பாவி, ஒரு தடவை வரைந்து பார்த்திருக்கக்கூடாதா. வகுப்பில் வாய் வலிக்கச் சொல்வாளே, “கேள்வி சொல்லுதுன்னு எதையும் நம்பாதீங்க, வரஞ்சு பாருங்க, படம் பொய் சொல்லாது” என்று. விடைக்குறிப்பும் அவள்தான் எழுதினாள். சமப்படுத்துக, தன்மைகாட்டி பூச்சியத்தைவிடப் பெரிது என்க, ஆகவே இரு புள்ளிகள். என்க. எவ்வளவு தைரியமாய் எழுதியிருக்கிறாள் பாருங்கள்.

வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். நடப்பது நல்லது, கால் ஒரு வேலை செய்தால் மண்டை கொஞ்சம் ஓயும் என்பார்கள். ஓயவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு பையன் இருபதாம் கேள்வியைத்தான் முதலில் எடுத்திருந்தான், தெரிந்த கணக்கு என்ற சந்தோஷம் பேனாவிலேயே தெரிந்தது. x = ஒன்று கூட்டல் கழித்தல் வர்க்கமூலம் ஐந்து, கீழே இரண்டு. வர்க்கமூலம் ஐந்து! கழித்தல் குறியை அவன் பார்க்கவே இல்லை. கேள்வியின் முதல் பாதியைப் படித்ததும் நோட்ஸின் பதினோராம் பக்கம் கண்ணுக்குள் வந்திருக்கும், கை அதுபாட்டுக்கு எழுதியிருக்கும். ‘ஆகவே நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதி அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டான். அடுத்த பெஞ்சில் ஒரு பெண். வர்க்கமூலம் ஐந்து. அதற்கடுத்தவள் கழித்தல் குறியைப் பார்த்திருக்கிறாள் போல, மைனஸ் மூன்று வரைக்கும் வந்து, பயந்து, அதை அழித்து, ஐந்து என்று எழுதியிருந்தாள். கேள்வி சந்திக்கும் என்று சொன்னால் சந்தித்துத்தானே ஆகவேண்டும். பல்கலைக்கழகம் தப்பாகவா கேட்கும். பாவம், அவளை என்ன சொல்ல. இந்தத் தாள்களெல்லாம் திருத்துகிறவர் கைக்குப் போகும், அவர் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு கிடுகிடுவென்று பத்து பத்தாய்ப் போடுவார், ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஆமாம், ஒருவருக்கும் நஷ்டமில்லை. இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு உலகம்மாள் மூன்றாவது வரிசையைக் கடந்தாள், நான்காவது வரிசையில் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது, அதன்மேல் ஒரு பனியன் துணி காற்றில் உருண்டது.

வர்ற வியாழக்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அதை நினைக்காமல் இருக்கத்தான் நடந்தாள், நடந்து நடந்து அங்கேயே வந்து நின்றாள். பதினான்கு வருஷம் ஒவ்வொரு ஜூனிலும் ஒரு புது உத்தரவு, ஒவ்வொரு ஏப்ரலிலும் ‘பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்’. ஏப்ரலில் போய் ஜூனில் வருகிறவளை வாட்ச்மேன்கூட, “என்ன மேடம், மறுபடியும் வந்திட்டீங்களா” என்பான். முதல் இரண்டு வருஷம் விடுவிப்புக் கடிதம் வாங்குகிற அன்றைக்குப் பாத்ரூமில் போய் அழுதாள். மூன்றாவது வருஷம் அழுகை வரவில்லை, ஐந்தாவது வருஷம் கடிதத்தைப் படிக்காமலே பைக்குள் வைத்தாள். எப்போது மரத்துப்போனது என்று அவளுக்கே தெரியாது. இப்போதுதான் நிரந்தரப் பணிக்குப் பெயர் வந்திருக்கிறது. கணவன் ராமசுப்பு மின்வாரியத்தில் இருக்கிறான், நல்ல மனுஷன், பயந்த மனுஷன். நேற்றுக்கூட இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான், “இந்தா பாரு உலகு, வியாழக்கிழமை வரைக்கும் எதுலயும் வாயத் தொறக்காத. நல்லதுக்கும் தொறக்காத, கெட்டதுக்கும் தொறக்காத.” அவள் சட்னியை ஊற்றினாள். வாய் திறந்து எத்தனை நாளாயிற்று, இவனுக்கு அது தெரியவில்லையே என்று நினைத்ததோடு சரி. கேள்வியில் பிழை இருக்கிறதென்று அறைக் கண்காணிப்பாளர் சொன்னால் வன்னியப்பெருமாள் பல்கலைக்கழகத்துக்குப் போன் போடுவார், அங்கே இருப்பவர்கள் கோப்பைப் பிரித்துத் தாள் யாருடையது என்று பார்ப்பார்கள், போன் திரும்ப இதே அறைக்கு வரும். தானே போட்ட கேள்விக்குத் தானே காவல் நின்றாளா, அதுவும் தப்பான கேள்விக்கா என்று. உறுதிமொழிப் படிவத்தின் கடைசிப் பத்தி அவளுக்கு மனப்பாடம். பிழைக்கோ ரகசிய மீறலுக்கோ மூன்று வருஷம் தேர்வுப்பணி கிடையாது, துறைக்குக் குறிப்பு அனுப்பப்படும். குறிப்பு போனால் வியாழக்கிழமை கிடையாது. இவ்வளவு நேரம் போட்ட கணக்குகளிலேயே இது ஒன்றுதான் சுலபமாய் இருந்தது.

மூன்றேகாலுக்குக் கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. சண்முகக்கனி. படிக்கிற காலத்தில் தீப்பெட்டி ஆபீஸில் காலையில் பெட்டி ஒட்டிவிட்டு ஒன்பதரை வகுப்புக்கு ஓடிவந்த பெண், இப்போதும் விரல் நுனியில் பசை காய்ந்திருக்கும். இந்தத் தாளில் ஏற்கெனவே இரண்டு அரியர். இது மூன்றாவது தடவை, இதில் தேறாவிட்டால் பி.எட். சீட் போய்விடும், வீட்டில் மாப்பிள்ளை பார்த்துத் தயாராய் வைத்திருக்கிறார்கள் என்று போன வாரம்தான் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சொன்னாள். அடிஷனல் ஷீட் கேட்பாளாக்கும் என்று உலகம்மாள் எடுத்துக்கொண்டு போனாள். “மேடம்,” என்றாள் அவள், குரலை ரொம்பவும் இறக்கி, “இருபதாம் கேள்வியில அச்சுப் பிழை ஏதும் இருக்குமோ?” “ஏன் கேக்க?” “வரஞ்சு பாத்தேன் மேடம். கோடு வளைவைத் தொடவே மாட்டேங்குது. நடுவுல ஒரு விரல் போகுது.” அவள் விடைத்தாளில் பரவளையம் இருந்தது. பென்சிலில், கை நடுங்காமல், ஒவ்வொரு புள்ளியும் வைத்து வைத்து இணைத்த பரவளையம். அதற்குக் கீழே கோடு. இரண்டுக்கும் நடுவில் அவளுடைய பசை காய்ந்த ஆட்காட்டி விரல் உண்மையாகவே கிடந்தது, இடம் சரியாய் இருந்தது. முக்கால் அலகு. ஞானதிரவியம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “கேள்வியப் பத்தி இங்க பேசக்கூடாதும்மா. தெரிஞ்சத எழுது,” என்றாள். இருபது வருஷமாய் எல்லாத் தேர்வு அறையிலும் எல்லாரும் சொல்கிற அதே வாக்கியம், ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. “சரி மேடம்,” என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

ஆக ஒருவருக்கு நஷ்டமிருக்கிறது. அறையில் இருபத்துநான்கு பேர், வரைந்து பார்த்தது ஒருத்தி, அவளுக்குத்தான் சைபர் விழும். மற்ற எல்லாரும் பொய்யை நிரூபித்துப் பத்து வாங்குவார்கள். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. உலகம்மாள் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள், ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரக்கூடாது, உட்கார்ந்தாள். வகுப்பில் முதல் நாள் இந்தப் பாடத்தை எப்படி ஆரம்பிப்பாள் என்று நினைத்தாள். ஒரு சமன்பாடு ஒரு படம், ஒரு படம் ஒரு சமன்பாடு, ரெண்டும் ஒரே ஆளுக்கு ரெண்டு பேரு, அவ்வளவுதான் பாடம், மிச்சமெல்லாம் அதை நம்பவைக்கிற வேலை என்பாள். இணைகோடுகள் சந்திக்காதா, சந்திக்கும், அதுக்கு முடிவிலி வரைக்கும் போகணும். கோடு வளைவைத் தொடாமப் போகுதா, தொடும், அதுக்கு மெய்யெண்ணை விட்டு வெளிய வந்து கலப்பெண்ணில நின்னு பாக்கணும். சந்திக்காதது எதுவும் இல்ல பிள்ளைகளா, நாம நிக்கிற இடம் பத்தல, அவ்வளவுதான். இதைச் சொல்கிறபோது முன்பெல்லாம் அவளுக்கே உடம்பு புல்லரிக்கும். இருபத்திரண்டு வயதில் இந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு அவள் ஹாஸ்டல் மாடியில் தனியாக நின்று கைதட்டியிருக்கிறாள், பைத்தியக்காரி மாதிரி. இப்போது அதே வாக்கியங்கள் அதே இடத்தில் ஏறி அதே இடத்தில் இறங்குகின்றன, டவுன் பஸ் மாதிரி, உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ‘நாம் நிற்கும் இடம் போதவில்லை’ என்று ஒருத்தன் தேர்வில் எழுதியே வைத்துவிட்டான், ஒரு மதிப்பெண் போட்டாள்.

எதற்கு இப்போது அந்த ஏழு பக்கம் நினைவுக்கு வரவேண்டும். வந்துவிட்டது. ஆய்வில் நான்காவது வருஷம், மூன்றாம் அத்தியாயம். அவளுடைய நெறியாளர் எப்போதோ எழுதிய கட்டுரையில் ஒரு துணைத்தேற்றம், அதை அடியாக வைத்துத்தான் அத்தியாயம் முழுக்க நின்றது. ஒரு நாள் சாயங்காலம் சும்மா ஒரு வளைவை வரைந்து பார்த்தாள், தேற்றம் உடைந்துவிட்டது. மெய்யெண்ணுக்கு அது பொய். கலப்பெண் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் நிமிர்ந்துகொள்ளும். ஒரே ஒரு வார்த்தை. ஓடிப்போய் ஏழு பக்கத்தில் படத்தோடு எழுதிக்கொண்டு போனாள், பாராட்டுவார் என்று நினைத்துக்கொண்டு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “படம் எல்லாம் நிரூபணமாம்மா?” என்றார். பிறகு ரொம்ப அன்பாகத்தான், “அந்த ஏழு பக்கத்தையும் அடிச்சிட்டு வேற எழுது, சீக்கிரம் முடிச்சிட்டுப் போலாம்” என்றார். கத்தவில்லை, மிரட்டவில்லை. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாளோ என்னவோ. ஹாஸ்டல் அறைக்கு வந்து ஸ்கேலை எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு அடித்தாள். ஏழு கோடு. பட்டம் கிடைத்தது. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அடித்தது அவர் கை இல்லையே. அன்றைக்குக்கூட அழவில்லை. மெஸ்ஸில் போய்ச் சப்பாத்தி தின்றாள், நான்கு. அந்தச் சப்பாத்திக்கு உருளைக்கிழங்குக் குருமா, உப்பு கூடுதல். எல்லாம் ஞாபகம் இருக்கிறது, என்ன உணர்ந்தாள் என்பது மட்டும் ஞாபகம் இல்லை. ஒருவேளை பதினான்கு வருஷம் இல்லையோ இது, அதற்கு முன்னால் அந்த ஸ்கேலில் ஆரம்பித்ததோ. அது தெரிந்து என்ன செய்ய.

நாலு மணி பெல் அடித்தது, நாலரை பெல் அடித்தது. ஞானதிரவியம் விடைத்தாள் கட்டுகிற நூலைக் கொடுத்துக்கொண்டே வந்து, “மேடம், மொகமே சரியில்ல. டீ சொல்லட்டுமா?” என்றார். “வேண்டாம் சார்.” “அந்தப் பிள்ள என்ன கேட்டுச்சு?” “ஒண்ணுமில்ல.” “கண்டுக்காதீங்க. வியாழக்கிழமை உங்களுக்கு நல்லபடியா முடியட்டும், நம்ம கூட்டத்துல ஒருத்தராவது கரையேறணும்லா” என்று நிஜமான பிரியத்தோடு சொன்னார். அவரும் கெஸ்ட் லெக்சரர்தான், பதினோரு வருஷம். உலகம்மாள் தலையாட்டினாள். இன்னும் அரைமணி. அரைமணியில் கட்டுக் கட்டி, அரக்கு வைத்து, அனுப்பிவிட்டால் முடிந்தது. ஐந்தரைக்குப் பஸ். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் தூங்கலாம். வீட்டில் மாவு இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டே எழுந்து கடைசித் தடவையாக வரிசைகளைச் சுற்றினாள். பதிவெண் சரியா, கையெழுத்துப் போட்டாயா, நூல் இறுக்கமா. “வெறும் பக்கம் எல்லாத்தையும் குறுக்க அடிச்சிருங்க,” என்று ஞானதிரவியம் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார், “தேவையில்லாம எழுதினது இருந்தா அதையும் அடிங்க, அடிச்சதத் திருத்தமாட்டாங்க.” ஸ்கேல்கள் நகர்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

கடைசி வரிசையில் சண்முகக்கனி ஸ்கேலை எடுத்திருந்தாள். பரவளையம் இருக்கிற பக்கத்தின் அடியில், ‘சந்திக்கவில்லை’ என்று அவள் எழுதியிருந்ததை உலகம்மாள் இப்போதுதான் பார்த்தாள். அதற்கும் கீழே, ‘x² − x + 1 எப்போதும் முக்காலுக்குக் குறையாது, ஆகவே மெய்யெண் தளத்தில் புள்ளி இல்லை. கலப்பெண்ணில் நின்று பார்த்தால் இரண்டு உண்டு’ என்று நாலு வரி. நாலே வரி, ஆனால் முழுசாய் இருந்தது. வாட்ஸப் நோட்ஸில் இந்த வரிகள் இல்லை, இது அந்தப் பெண்ணின் சொந்தக் கை. எதிர்ப் பக்கத்தில் மையே இன்னும் காயாத வர்க்கமூலம் ஐந்து. தெரிந்ததை எழுது என்று மேடம் சொன்னாளே, தெரிந்ததை எழுதிவிட்டாள், பிறகு பயந்து நோட்ஸில் இருப்பதையும் எழுதிவிட்டாள். ஒரே கேள்விக்கு இரண்டு விடை இருக்கக்கூடாது, ஒன்றை அடிக்கவேண்டும். எதை அடிப்பது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை போல. ஸ்கேலைப் பரவளையத்தின்மேல் மூலைக்கு மூலை வைத்தாள், பேனாவை அழுத்தினாள், கோடு பாதி வந்துவிட்டது.

“அடிக்காத,” என்றாள் உலகம்மாள். குரல் பெரிதாய் வந்துவிட்டது, இருபத்துநான்கு தலையும் திரும்பியது. அவளுக்கே அது யார் குரல் என்று ஒரு கணம் தெரியவில்லை. “அடிக்காதம்மா. நீ போட்டதுதான் சரி. கேள்விதான் தப்பு.” “மேடம்!” என்று ஞானதிரவியம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், “மேடம், என்ன சொல்றீங்க, வெளிய வாங்க முதல்ல.” “வர்றேன் சார். ஒரு நிமிஷம்.” உதடு மரத்திருந்து விட்டுப் போகிறபோது குத்துமே, அப்படி ஒரு குத்தல் நெஞ்சிலிருந்து கைக்கு இறங்கியது, வலித்தது, ஐயோ, நன்றாகவே வலித்தது. அவள் அறையைப் பார்த்து நின்றாள். “எல்லாரும் கேளுங்க. இருபதாம் கேள்வியில பிழை இருக்கு. அந்தக் கோடும் வளைவும் மெய்யெண்ணுல சந்திக்காது. உங்க மேல தப்பில்ல. கேள்வி போட்டது நான்தான். கண்காணிப்பாளர்கிட்ட இப்பவே எழுதிக் குடுக்கப்போறேன், யாருக்கும் மார்க் போகாது.” இரண்டாவது வரிசைப் பையன் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்ட தன் நிரூபணத்தைப் பார்த்தான். ஞானதிரவியம் தலையில் கைவைத்துக்கொண்டு, “வியாழக்கிழமை மேடம், வியாழக்கிழமை,” என்று மெதுவாய்ச் சொன்னார், இறந்த வீட்டில் சொல்கிற மாதிரி.

சண்முகக்கனி பாதிக் கோட்டோடு ஸ்கேலைப் பிடித்தபடியே இருந்தாள். கண் கலங்கியிருந்தது. “நான் அடிச்சிட்டேனே மேடம். அடிச்சதத் திருத்தமாட்டாங்கன்னு சார் சொன்னாங்களே.” உலகம்மாள் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, பெஞ்சின் ஓரத்தில் குனிந்து, அந்தப் பாதிக் கோட்டின் பக்கத்தில் எழுதினாள். ‘இந்த அடித்தல் செல்லாது. விடை சரி. கேள்வி பிழை.’ அடியில் தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டு, பேரை முழுசாய் விரித்து எழுதினாள், மு. உலகம்மாள், வினாத்தாள் தயாரித்தவர். “உங்க பேரு எதுக்கு மேடம் இதுல,” என்று அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டாள், “விடைத்தாள்ல யாரு பேரும் எழுதக்கூடாதுல்லா?” “செல்லாதுன்னு சொன்னா, யாரு சொன்னதுன்னு இருக்கணும்லா,” என்றாள் உலகம்மாள். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேசைக்குப் போய், அட்டைக்கு அடியில் நான்காக மடித்து வைத்திருந்த வினாத்தாளை எடுத்துப் பிரித்துக்கொண்டே, கண்காணிப்பாளர் அறைக்குப் போகிற வராந்தாவில் இறங்கி நடந்தாள்.